படாட் மலையில் ஒரு கல் சுவர்

மணிலா பேருந்து நிலையத்தில் தண்ணீர் பாட்டில் வாங்கியபோது மீதிச் சில்லறையாக ஆரஞ்சு நிறத்தில் ஒரு 20 பெசோ நோட்டு வந்தது. ஒரு பெசோ நம் கணக்கில் ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். நோட்டைத் திருப்பினால் பின்பக்கத்தில் படிப்படியாக ஒரு மலை, ஒவ்வொரு படியிலும் நெல் வயல், ஓரத்தில் ஒரு மரநாய். அன்றிரவு எந்த மலைக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தாரோ அதே மலை. திருவாரூர் மாவட்டத்துக்காரரான அந்த 27 வயது இளைஞர் அந்த நோட்டை மட்டும் செலவழிக்காமல் மடித்துத் தனியாக வைத்துக்கொண்டார்.

படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. வேலை சென்னைக்குப் பக்கத்தில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில். பதினான்கு மாதம் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம், பதினாறு நாள் விடுப்பு, முதுகில் ஒன்பது கிலோவில் ஒரே பை. ஒரே அறையில் பலர் படுக்கும் விடுதியில் ஒரு படுக்கை, அறை வாடகையை மிச்சம் பிடிக்க இரவுப் பேருந்து, உள்ளூர்க்காரர்கள் சாப்பிடும் கடையில் சாப்பாடு. இவ்வளவுதான் பயணத் திட்டம். பாதி நாள் மலையில், மீதி நாள் கடற்கரைத் தீவு ஒன்றில் என்று முன்கூட்டியே முடிவு செய்து, தீவுக்கான விமான டிக்கெட்டையும் மலிவு விலையில் வாங்கி வைத்திருந்தார்.

வீட்டில் மட்டும் கொஞ்சம் மனத்தாங்கல். கிளம்பியது தை பிறக்கும் நேரம். அப்பாவின் மூன்று ஏக்கர் சம்பா கதிர் முற்றித் தலை சாய்ந்து நிற்கிறது. "அறுப்பு நேரத்துல எவனாவது ஊர் சுத்தப் போவானா?" என்று அப்பா கேட்டதற்கு, "டிக்கெட் அந்தத் தேதிக்குத்தான் மலிவா இருந்துச்சுப்பா" என்ற பதிலைத் தவிர வேறு பதில் இல்லை.

மணிலாவிலிருந்து வடக்கே பனாவே என்ற மலை ஊருக்கு ஒரு ராத்திரிப் பயணம். பேருந்துக்குள் ஏ.சி. குளிர் தாங்க முடியாதது. விஷயம் தெரிந்தவர்கள் எல்லாரும் கம்பளியோடு ஏறியிருந்தார்கள். இவர் இரண்டு சட்டையை மாட்டிக்கொண்டு துண்டைக் காதில் சுற்றிக்கொண்டார். பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கு 35 வயது இருக்கும். சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் கம்பளியில் பாதியை எடுத்து இவர்மேல் போட்டார். அந்த நாட்டில் அண்ணனைக் 'குயா' என்பார்கள். விடிவதற்குள் இவருக்கு ஒரு குயா கிடைத்துவிட்டார். படாட் கிராமத்துக்காரர், சுற்றுலா வருபவர்களுக்கு வழிகாட்டி, மற்ற நேரத்தில் விவசாயி. "விடுதி எதுக்கு? எங்க அத்தை வீட்ல படுக்கை இருக்கு. குறைச்சுதான் வாங்குவாங்க" என்றார். ஆங்கிலம் அங்கே பள்ளிப் பிள்ளைகள்வரை பேசுகிறார்கள் என்பதால் பேச்சுக்குச் சிக்கல் இல்லை.

பனாவேயிலிருந்து ஜீப்னி. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டிக் கட்டி அந்த நாட்டுக்காரர்கள் உருவாக்கிய வண்டி அது. பைகளை வண்டியின் மேலே ஏற்றினார்கள். பைகளுக்கு முன்பே அங்கே அடுக்கப்பட்டிருந்தவை அரிசி மூட்டைகள். உலகமே படம் பிடித்துப் போகும் நெல் மலைக்குச் சமவெளியிலிருந்து அரிசி ஏறுகிறது! இளைஞர் திகைத்துப்போய்க் கேட்டார். குயா சிரித்தார். "எங்க நெல்லு வருஷத்துக்கு ஒரு போகம். பல வீட்டுக்கு அது சில மாசத்துக்குத்தான் வரும். மீதி நாளைக்குக் கடை அரிசிதான்."

'சாடில்' என்று சொல்லப்படும் மலைக் கணவாயில் இறங்கி, அங்கிருந்து பள்ளத்தை நோக்கி நடை. தூறல், வழுக்கல், மூடுபனி. ஒரு திருப்பத்தில் பனி விலகியதும் கிராமம் தெரிந்தது. மலையைக் குடைந்து செய்த கிண்ணம் போல மூன்று பக்கமும் வயல் படிகள், அடியில் கைப்பிடியளவு வீடுகள். படங்களில் பார்த்த பச்சையோ பொன்னிறமோ இல்லை. தை மாதத்தில் அங்கே அறுவடை முடிந்து பல மாதமாகி, வயல்கள் தண்ணீர் கட்டி நிற்கும். ஒவ்வொரு படியிலும் ஒரு துண்டு வானம் தெரிந்தது. சுற்றுலாக் கூட்டம் பச்சையைப் பார்க்கச் சித்திரை வாக்கில்தான் வரும். மலைக்கு உண்மையில் வேலை நடக்கிற மாதங்களில் வருபவர்கள் குறைவு. படுக்கை மலிவாகக் கிடைத்த ரகசியமும் அதுதான்.

இஃபுகாவ் மக்களின் இந்தப் படி வயல்களில் ஐந்து தொகுதிகளை யுனெஸ்கோ 1995-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. படாட் அவற்றில் ஒன்று. 2001-ல் 'அபாயத்தில் உள்ளவை' என்ற பட்டியலுக்குப் போனது. 2012-ல் அதிலிருந்து மீண்டது. வயதைப் பற்றி ஒரு விவாதம் இருக்கிறது. பாடப்புத்தகங்கள் 2,000 ஆண்டு என்று எழுதிவந்தன. அண்மைக் கால அகழாய்வுகளோ வேறு கதை சொல்கின்றன. முதலில் இங்கே விளைந்தது சேப்பங்கிழங்கு. ஸ்பானியர்கள் வந்த பிறகு, ஏறக்குறைய 400 ஆண்டுகளுக்கு முன், அவர்களிடமிருந்து விலகி மலைக்குள் ஒதுங்கிய மக்கள் நீர்கட்டிய நெல் வயல்களை விறுவிறுவென்று பெருக்கினார்கள் என்கிறார்கள் ஆய்வாளர்கள். வயது குறைந்தால் பெருமை குறைந்துவிடும் என்று உள்ளூரில் சிலருக்கு வருத்தம். ஏரும் மாடும் ஏற முடியாத சரிவில் வெறும் கையால் சில தலைமுறைக்குள் இவ்வளவு கட்டினார்கள் என்றால், பெருமை கூடத்தானே செய்கிறது.

குயாவின் அத்தைக்கு 70 வயதுக்கு மேல். பாட்டியை அங்கே 'லோலா', தாத்தாவை 'லோலோ' என்பார்கள். இளைஞரும் அப்படியே கூப்பிட்டார். வந்தவருக்குத் தண்ணீர் கொடுத்த கையோடு லோலா நீட்டியது ஒரு சின்னப் பை. உள்ளே பாக்கு, வெற்றிலை, சுண்ணாம்பு! 'மோமா' என்று அதற்குப் பெயர். பனாவே கடைத்தெருவில் 'மோமா துப்பாதீர்' என்று பலகை வைக்கும் அளவுக்கு அங்கே எல்லாரும் மெல்லுகிறார்கள். இளைஞர் ஊரில் கல்யாண வீட்டில் மட்டும் போடுகிறவர். ஆனாலும் பழக்கத்தில், அவருடைய அப்பாயி செய்வது போலவே வெற்றிலையின் காம்பையும் நுனியையும் கிள்ளிப் போட்டு, பின்பக்கம் சுண்ணாம்பு தடவி மடித்தார். லோலா வாய்விட்டுச் சிரித்து, வாசலில் போன இரண்டு பேரைக் கூப்பிட்டுக் காட்டினார்.

இன்னொரு ஒற்றுமையும் அன்று இரவு சாப்பாட்டில் வெளிப்பட்டது. ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே சொல். பிலிப்பைன்ஸ் மொழியிலோ வயலில் இருப்பது 'பாலாய்', உமி நீக்கியது 'பிகாஸ்', வெந்தது 'கானின்'. "எங்க ஊர்லயும் அப்படித்தான். நெல், அரிசி, சோறு" என்று இவர் விரல்விட்டுச் சொல்ல, லோலோ அந்த மூன்றையும் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். மறுநாளிலிருந்து சாப்பிடக் கூப்பிடும்போது "சோறு!" என்றே குரல் வந்தது.

வீட்டை ஒட்டிப் பழைய காலத்துக் குடில் ஒன்று இருந்தது. நான்கு மரத் தூண்கள்மேல் தரையிலிருந்து ஆள் உயரத்தில் நிற்கும் கூண்டு போன்ற வீடு. ஒவ்வொரு தூணின் மேல்முனையிலும் வட்டமான மரத் தட்டு ஒன்று செருகியிருக்கும். தூணில் ஏறிவரும் எலி அந்தத் தட்டைத் தாண்ட முடியாமல் கீழே விழும். எலிப்பொறியும் இல்லை, மருந்தும் இல்லை. நெல்லைக் கதிரோடு கட்டுக்கட்டாக அடுப்புக்கு மேலே பரணில் அடுக்குகிறார்கள். புகை படப்படப் பூச்சி அண்டாது. தேவைப்படும்போது ஒரு கட்டை இறக்கி உரலில் போட்டு உலக்கையால் குத்துகிறார்கள்.

மறுநாள் தப்பியா அருவி. கிராமத்திலிருந்து செங்குத்தான படிகளில் முக்கால் மணி நேரம் இறக்கம். முழங்கால் தந்தியடித்தது. நெதர்லாந்துப் பெண்கள் இருவரும் சிலி நாட்டு இளைஞர் ஒருவரும் சேர்ந்துகொண்டார்கள். அருவியின் அடிக்குளம் உடம்பைக் குத்தும் குளிர். காவிரி வாய்க்காலில் நீந்திப் பழகியவருக்கு மூச்சு நின்று வந்தது. கரையில் அவித்த முட்டையைப் பங்கு போட்டுச் சாப்பிட்டபோது, அடுத்த நாள் நால்வரும் சேர்ந்து கம்புலோ, பூலா கிராமங்கள் வழியாக இரண்டு நாள் மலைநடை போவது என்று பேச்சாயிற்று. வழிகாட்டிச் செலவை நான்காகப் பிரித்தால் கட்டுப்படியாகும்.

திரும்பும் வழியில்தான் குயா ஓரிடத்தில் நின்றார். லோலாவின் வயலுக்கு மேல் படியைத் தாங்கும் கல் சுவர், நடுவில் இரண்டு பாக நீளத்துக்கு வயிறு தள்ளியிருந்தது. கல் இடுக்கிலிருந்து கலங்கல் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. "போன வாரம் நான் மணிலா போறப்ப இவ்வளவு இல்ல" என்றார்.

மேல் படியின் சொந்தக்காரர் குடும்பத்தோடு பாகியோ நகரத்துக்குப் போய் இரண்டு வருடமாகிறது. வயலில் நெல் இல்லை, புல். படி வயலுக்கு ஆள் இல்லை என்றால் அந்த வயல் மட்டும் கெடுவதில்லை. இங்கே வருடம் முழுக்கத் தண்ணீர் கட்டி வைப்பது நெல்லுக்காக மட்டும் அல்ல, மண் ஈரமாகவே இருந்தால்தான் வெடிக்காது. காயவிட்டால் களிமண் பாளம் பாளமாக வெடிக்கும். பெரிய மண்புழுக்களும் துளை போடும். நம்மூரில் மண்புழு உழவனின் நண்பன். இங்கே இந்தப் பெரிய புழுவின் பெயரைச் சொன்னாலே முகம் சுளிக்கிறார்கள். அடுத்த மழை பெய்ததும் தண்ணீர் வெடிப்பு வழியாகவும் துளை வழியாகவும் சுவரின் முதுகுக்குப் போய்ச் சேர்ந்து, உள்ளிருந்து தள்ளும். ஒரு சுவர் விழுந்தால் அந்த மண்ணும் கல்லும் கீழ் வயலில் விழும், அதன் பாரத்தில் அடுத்த சுவர், பிறகு அடுத்தது. லோலாவின் வயலில் நாற்றங்கால் தயாராக இருந்தது. நடவுக்கு மூன்று வாரம் இருக்கலாம்.

"அரசாங்கம் சரி செய்யாதா?" என்று கேட்டார் சிலி இளைஞர். "சில சமயம் பணம் வரும். அது வர்றதுக்குள்ள மழை வந்துடும்" என்றார் குயா.

அடுத்தவர் நிலத்தில் சொல்லாமல் கை வைக்கக் கூடாது. சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு ஏறி பாகியோவுக்குப் போன் போட்டார்கள். கட்டட வேலையில் இருக்கும் அந்த மனிதருக்கு லீவு கிடைக்கவில்லை. "நீங்களே பிரிச்சுக் கட்டுங்க, சாப்பாட்டுச் செலவுக்கு அனுப்பறேன்" என்றார். குரல் தழுதழுத்தது என்று குயா பிற்பாடு சொன்னார்.

ஒருவர் வயலில் மற்றவர் வந்து உழைத்து, பிறகு அவர் வயலில் இவர் உழைத்துக் கொடுக்கும் வழக்கம் அங்கே இன்னும் இருக்கிறது. அதற்கு அவர்கள் சொல்லும் பெயர் இளைஞரின் காதில் 'உப்பு' என்றே விழுந்தது. ஆனால் ஊரில் இப்போது இருக்கும் ஆட்கள் கம்மி. இரவு எண்ணிப் பார்த்தார்கள்: ஆண்கள் ஐந்து பேர், பெண்கள் மூன்று பேர். சுவரைப் பிரித்துக் கட்ட நான்கு நாள் ஆகலாம். இளைஞர் தன் போனை எடுத்துத் தீவு விமானத்தின் தேதியைப் பார்த்தார். ரத்து செய்தால் பணம் திரும்ப வராத டிக்கெட். கொஞ்ச நேரம் கழித்து, "ஆறாவது ஆம்பளையா என்னைச் சேர்த்துக்குங்க குயா" என்றார். நெதர்லாந்துப் பெண்கள் மலைநடையை நான்கு நாள் தள்ளிவைத்தார்கள். சிலி இளைஞர் ஒரு நாள் கல் சுமந்துவிட்டுக் கிளம்பினார். அவருக்கு விசா கெடு.

மண் அரிப்புத் தடுப்பு வேலையில் கல் வரப்பு போட்டுப் பழகியவர்களுக்கு அந்தச் சுவர் கட்டும் முறை புதிதாக இராது. ஆனால் அதை எண்ணெய் போட்டது போல ஓட்டிய விதம் பார்க்க வேண்டியது. முதல் வேலை, மேல் வயலுக்கு வரும் தண்ணீரை வேறு மடைக்குத் திருப்பியது. பிறகு தள்ளிய பகுதியின் கற்களை உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி, பெரிது, நடுத்தரம், சில்லு என்று மூன்று குவியலாகப் பிரித்தார்கள். அடியில் கெட்டி மண் தட்டும்வரை தோண்டினார்கள். அஸ்திவாரத்துக்குப் போனவை இருந்ததிலேயே பெரிய கற்கள். ஒவ்வொரு கல்லும் படுத்த நிலையில், நீளப் பக்கம் மலைக்குள் போகும்படி வைக்கப்பட்டது. அழகுக்காக நீளப் பக்கத்தை வெளியே காட்டி வைத்தால் ஒரே மழையில் உருளும். இளைஞர் முதல் நாள் அப்படித்தான் ஒரு கல்லை வைத்தார். லோலோ ஒன்றும் சொல்லாமல் காலால் ஒரு தட்டுத் தட்டினார். கல் கீழே போயிற்று.

சுவர் நேர்செங்குத்தாக நிற்பதில்லை. மேலே போகப்போக மலைப் பக்கம் சாய்கிறது. கல்லுக்குப் பின்னால் சில்லுக் கல், அதற்குப் பின்னால் மண். உள்ளே இறங்கும் தண்ணீர் தேங்கி நின்று தள்ளாமல் சில்லுக்குள் வடிந்துவிட வேண்டும். மேலே வயலின் அடித்தளத்துக்கு மட்டும் களிமண். அதைச் சாண் கனத்துக்குப் பரப்பி, எல்லாரும் கைகோத்து வரிசையாக நின்று மிதிப்பார்கள். பிறகு அடுத்த சாண். சிமென்ட் ஒரு கரண்டிகூட இல்லை.

கல் போதவில்லை. கீழே ஓடையிலிருந்து சுமக்க வேண்டும். நடைபாதை என்பது வயல் சுவரின் மேல்விளிம்புதான். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் இரண்டு ஆள் பள்ளம். தோளில் கல்லோடு அதில் நடந்து பழக இளைஞருக்கு ஒரு நாள் ஆயிற்று. இரண்டு முறை வழுக்கியபோதும் நல்ல வேளையாக வயல் பக்கமே விழுந்தார், தொடைவரை சேறு. கரையில் இருந்த பெண்கள் கைதட்டினார்கள். உள்ளங்கைக் கொப்புளம் இரண்டாம் நாள் உடைந்தது.

மட்டம் பார்க்க அவர் போனில் இருந்த செயலியைத் திறந்தார். மெக்கானிக்கல் படிப்புக்கு வேலை கிடைத்த சந்தோஷம். லோலோ அதை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மடையைத் திறந்து வயலுக்குள் விரற்கடைத் தண்ணீர் விட்டார். எங்கே மண் தெரிகிறதோ அது மேடு, எங்கே ஆழமோ அது பள்ளம். அவ்வளவுதான் அவருடைய மட்டப் பலகை.

மத்தியானச் சாப்பாடு வரப்பிலேயே. சோறு, சௌசௌக் கொழுந்து வதக்கல், புகையில் காயவைத்த பன்றிக்கறி. சாப்பிடும்போது ஒருமுறை மூன்றாம் நாள், சிக்னல் மேட்டில் நின்று அப்பாவுக்குப் போன் செய்தார்.

"எங்கடா இருக்க?"

"மலையிலப்பா. ஒரு பாட்டி வயல்ல சுவர் கட்டிக்கிட்டு இருக்கோம்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "இங்க அறுப்பு மெஷினுக்குச் சொல்லி அஞ்சு நாளாச்சு, இன்னும் வரல. வரப்பு அண்டை வெட்ட ஆள் இல்லாம நானே வெட்டுனேன். நீ காசு செலவு பண்ணிப் போயி அவுங்க ஊருல கல்லு தூக்குற" என்றார். இவருக்குப் பதில் வரவில்லை. வைக்கப் போகும்போது அப்பாவே மறுபடி கேட்டார்: "சுவருக்கு மேல்கல்லு என்ன போடுறாங்க?" பத்து நிமிடம் அதைப் பற்றியே பேச்சு. சாய்மானம் எவ்வளவு, மடை எந்தப் பக்கம், மேல் வயல்காரன் ஏன் வரவில்லை என்று ஒவ்வொன்றாக விசாரித்தார்.

வேலைக்கு நடுவே பார்த்தவற்றில் நம் விவசாயிகளுக்குப் பிடிக்கக் கூடியவை சில. அங்கே வருடத்துக்கு ஒருமுறை விளையும் பாரம்பரிய நெல்லுக்குத் 'தினாவோன்' என்று பெயர். 'தாவோன்' என்றால் வருடம். உயரமான பயிர், நீண்ட நாள் வயது. அறுவடையில் அரிவாள் இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கும் சிறு கத்தியால் ஒவ்வொரு கதிராகக் கொய்கிறார்கள். அதற்கு முன்பே அனுபவமுள்ள பெண்கள் வயலில் இறங்கி, விதைக்கென்று நல்ல கதிர்களைத் தனியாகத் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். விதைப்பதற்கும் மணியை உதிர்ப்பதில்லை. முழுக் கதிர்களையே நாற்றங்கால் சேற்றின்மேல் வரிசையாகப் படுக்க வைக்கிறார்கள். கதிரிலேயே முளைத்து எழும் நாற்றைப் பார்த்தபோது, சேறாடிய காலோடு இளைஞர் வெகுநேரம் குனிந்தே நின்றாராம். களத்தில் அடிக்காத விதையில் கலப்பு நுழைய வழி ஏது? விதைப்பண்ணைகளில் 'கதிர்த் தேர்வு' என்று வருடா வருடம் சொல்லிக்கொடுக்கப்படும் பாடம் அங்கே லோலாவின் கைப்பழக்கம்.

அறுவடைக்குப் பிறகு வைக்கோலையும் களையையும் தண்ணீர் வயலுக்கு நடுவே வட்ட மேடாகக் குவித்து, அதன்மேல் காய்கறி நடுகிறார்கள். நடவுக்கு முன் அந்த மேட்டைக் கலைத்து வயலெங்கும் பரப்பினால், மக்கிய உரம் தயார். உரத்துக்கென்று தனிச் செலவு இல்லை.

தொல்லையும் உண்டு. 1980-களில் உணவுக்காக அந்த நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பொன்னிற ஆப்பிள் நத்தை வயலுக்குள் தப்பி, இளம் நாற்றை அறுத்துத் தின்கிறது. நடவு முடிந்ததும் தண்ணீரை வடித்துவிட்டால் நத்தை நடமாட்டம் அடங்கும் என்பது வழக்கமான பரிந்துரை. சமவெளிக்கு அது சரி. இங்கே வடித்தால் சுவர் வெடிக்கும். ஆகவே கையால் பொறுக்குவதுதான் வழி. தண்டில் ஒட்டியிருக்கும் இளஞ்சிவப்பு முட்டைக் கொத்தையும் சுரண்டி நசுக்க வேண்டும். நெதர்லாந்துப் பெண்கள் இருவரும் ஒரு மதியத்தில் வாளி வாளியாகப் பொறுக்கினார்கள்.

நான்கு நாள் என்றது ஐந்தாயிற்று. கடைசிக் கல் வைத்த அன்று மாலை அரிசி மது ஊற்றினார்கள். இளைஞர் ஒரு வாய் குடித்துவிட்டு, அதற்குமேல் வேண்டாம் என்று மோமா போட்டுக்கொண்டார். சுவர் வயிறு தள்ளியிருந்த இடத்தில் புதுக் கல்லின் நிறம் மட்டும் தனியாகத் தெரிந்தது.

தள்ளிவைத்த மலைநடையும் நடந்தது. படாட்டிலிருந்து கம்புலோ, ஓர் இரவு தங்கி அங்கிருந்து பூலா, பிறகு காட்டு வழியாகப் பனாவே சாலை. இரண்டாம் நாள் முழுக்க மழை. பூலாவுக்கு மேலே உள்ள காட்டில் அட்டைகள் காலுறைக்குள் ஏறின. ஊர்ப் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வயலுக்கு மேலே சொந்தக் காடு உண்டு. 'முயோங்' என்பார்கள். விறகும் வீட்டு மரமும் அதிலிருந்துதான். வயலுக்கு வரும் ஊற்றுத் தண்ணீரும் அதிலிருந்துதான். அதனால் ஒரு மரம் வெட்டினால் கன்று நடாமல் விடமாட்டார்கள். வெறும் வேடிக்கை பார்க்க வந்தவர் என்றால் காடு, வயல், ஊர் என்று தனித்தனியாகப் பார்த்திருப்பார். ஐந்து நாள் மண் மிதித்தவருக்கு மேலிருந்து கீழ்வரை ஒரே வாய்க்கால்தான் தெரிந்தது.

ஊர் திரும்பும் முன் மணிலாவுக்குத் தெற்கே லாஸ் பானோஸுக்கும் போனார். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1960-ல் தொடங்கப்பட்டது அங்கேதான். 1966-ல் அங்கிருந்து வெளியான ஐ.ஆர்.8 தமிழ்நாட்டு வயல்களைத் தலைகீழாக மாற்றியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். நம் விவசாயி ஒருவர் மகனுக்கே அந்தப் பெயரை வைத்தார். முன்அனுமதி வாங்காததால் இளைஞர் வெளியிலிருந்தே பார்த்துவிட்டு வந்தார். உள்ளே குளிர் அறைகளில் 1.3 லட்சத்துக்கும் மேற்பட்ட நெல் மாதிரிகள் இருக்கின்றன. மலை நெல்லை நல்ல விலைக்கு விற்றுக் கொடுக்கும் திட்டம் ஒன்றையும் 2014-ல் அந்த நாட்டு வேளாண் துறையோடு சேர்ந்து அந்த நிலையம் தொடங்கியது. நல்ல முயற்சிதான். ஆனால் ஒரு கேள்வி மிச்சம் நிற்கிறது. விதையைக் குளிர் அறையில் வைத்துக் காப்பாற்றலாம். காலால் தட்டிப் பார்த்தே கல்லின் நிலையைச் சொல்லும் லோலோவின் கணக்கை எந்த அறையில் வைப்பது?

கிளம்பும் நாளில் லோலா ஒரு கட்டு நெல் கதிர் கொடுக்க வந்தார். விதை நெல்லை அனுமதிச் சான்று இல்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது. நோயும் பூச்சியும் கூடவே போகும். குயா அதை எடுத்துச் சொல்ல, லோலா ஒரே ஒரு பாக்கை உரித்து இவர் வாயில் போட்டு அனுப்பினார். பர்ஸில் இருந்த 20 பெசோ நோட்டை எடுத்து லோலோவிடம் காட்டி, எந்த வயல் நம்முடையது என்று கேட்டார் இளைஞர். லோலோ வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது பனாவே வயல். எங்க ஊர் இல்ல" என்றார்.

ஊருக்கு வந்தபோது மெஷின் வந்து அறுவடை முடிந்திருந்தது. விடுப்பின் கடைசி இரண்டு இரவும் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் அப்பாவுக்குப் பதிலாக நெல் குவியலுக்குக் காவல் படுத்தார். ஈரப்பதம் 17 சதவிகிதத்துக்கு மேல் போய்விடக் கூடாது என்று பனி விழும் முன் தார்ப்பாய் போட்டு மூடுவதும், வெயில் ஏறியதும் கிளறிவிடுவதுமாகப் போயிற்று பொழுது.

ஆடி பிறக்கும் சமயத்தில் குயாவிடமிருந்து படம் வந்தது. லோலா இடுப்பளவு தினாவோன் கதிர்களுக்கு நடுவே நிற்கிறார். பின்னால் சுவர், புதுக் கல்லும் பழைய கல்லும் பாசி படிந்து ஏறக்குறைய ஒரே நிறத்தில். சுவருக்கு மேலே புல் நிற்கிறது.

அப்பா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். கதிரைப் பார்க்கவில்லை. "மேல் வயல்காரன் இன்னும் வரலையா?" என்று கேட்டார்.

வரவில்லை. தண்ணீரை மட்டும் காயவிடாமல் குயாவும் இன்னும் இரண்டு பேரும் முறை வைத்துக் கட்டிவருகிறார்களாம்.